கச்சான் காற்றும் கந்தளாய் வீதியும்

திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய்க்கு வீதி வழியே ஏறத்தாழ 40 கிலோமீற்றர். உள்துறைமுகக் கரையை விட்டு விலகி, சீனக்குடாவைக் கடந்து, தம்பலகாமத்து வயல்வெளியைத் தொட்டுக்கொண்டு ஏ-6 வீதி தென்மேற்கே போகிறது. காலையில் போய் மாலையில் திரும்பினால் 80 கிலோமீற்றர். மலைநாட்டு வீதிகளில் போல ஏற்றம் எதுவும் இங்கே குறுக்கே நிற்பதில்லை. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் உழக்கினால், வழியில் தங்கும் நேரம் போக, நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குச் செலவாகும் சக்தியும் 1,700 கிலோகலோரிக்கு உட்பட்டதே. மூன்று வேளை சோறு உண்ணும் ஒருவருக்கு அது எட்டாத கணக்கு அல்ல. ஆனாலும் இந்த வீதியில் நடுப்பகலில் நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர் பாதி வழியில் களைத்துப்போவது வழக்கம். கால் வலுவில்லை, சைக்கிள் பாரம், தூரம் அதிகம் என்று காரணங்கள் சொல்லப்படும். இந்த மாவட்டத்தில் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கால்கள் தீர்மானிப்பதில்லை என்பதே என் வாதம். அதைத் தீர்மானிப்பது, உடல் தன் வெப்பத்தை எவ்வளவு விரைவாக வெளியே தள்ள முடிகிறது என்பது. அது காற்று, ஈரம், நிழல் மூன்றையும் பொறுத்தது. இந்த மூன்றில் மனிதர் கையில் இருப்பது நிழல் ஒன்றுதான். வீதி போடும்போது நாம் கணக்கில் எடுக்காமல் விடுவதும் அதைத்தான்.

முதலில் கால்களின் கணக்கைப் பார்ப்போம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள், ஓட்டுபவர், கொஞ்சம் சாமான் எல்லாம் சேர்ந்து 100 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில், காற்று வீசாத நேரத்தில், மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறத்தாழ 90 வாற்று வலு போதும். இதில் பாதி, முன்னே உள்ள காற்றை விலக்குவதற்கு. மறுபாதி, ரயர்கள் நசுங்கி நிமிரும்போது வீணாவது. ஆனால் தசை என்பது மிகவும் வெப்பம் கக்கும் இயந்திரம். உண்ட உணவின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே பெடலுக்குப் போகிறது; மீதி வெப்பமாகிறது. 90 வாற்று உழைப்புக்கு 350 வாற்று வெப்பம் உடலுக்குள் பிறக்கிறது. அது வெளியேற வழியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிடுவது எளிது: 70 கிலோகிராம் உடல் ஒரு மணி நேரத்தில் 5 பாகை செல்சியஸ் சூடேறும். 37 பாகை 42 பாகை ஆகும். அதற்கு வெகு முன்பே, 40 பாகையை நெருங்கும்போதே, மூளை கால்களை அடக்கத் தொடங்கிவிடும். தோலைக் குளிர்விக்கவும் தசைக்கு ஒட்சிசன் கொடுக்கவும் ஒரே இரத்தம்தான் ஓட வேண்டும். வெப்பம் ஏற ஏறத் தோலுக்குப் போகும் பங்கு கூடுகிறது, வியர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் மேலும் மேலும் விரைவாக அடிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுபவர் இதைத்தான் கால் களைப்பாக உணர்கிறார். ரயரில் காற்றுக் குறைந்திருந்தால் இன்னும் 20 வாற்று உழைப்பு, அதனால் இன்னும் 80 வாற்று வெப்பம். ஆகவே புறப்படுமுன் ரயருக்குக் காற்றடிப்பதும் உடலைக் குளிர்விக்கும் வேலைதான்.

வெப்பம் வெளியேற மூன்று வழிகள் உண்டு. தோலை விடக் காற்று குளிராக இருந்தால் காற்றுக்கு நேரடியாகக் கடத்தலாம், சுற்றியுள்ள பொருட்கள் குளிராக இருந்தால் கதிர்வீச்சாகக் கொடுக்கலாம், வியர்வையை ஆவியாக்கலாம். உழைக்கும் உடலின் தோல் வெப்பநிலை 35 பாகை அளவில் இருக்கும். கிழக்குக் கரையின் கோடைப் பகலில் காற்றும் அந்த அளவை எட்டிவிடுவதால் முதல் இரண்டு வழிகளும் அநேகமாக அடைபடுகின்றன. மிஞ்சுவது வியர்வை மட்டும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 24 இலட்சம் யூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். 350 வாற்றைச் சமாளிக்க மணிக்கு அரை லீற்றர் ஆவியானால் போதும். ஆவியானால் என்பதுதான் முக்கியம். நெற்றியிலிருந்து சொட்டி வீதியில் விழும் வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துப்போவதில்லை. உடலின் நீரையும் உப்பையும் மட்டும் எடுத்துப்போகிறது.

ஆவியாகும் வேகத்தை நிர்ணயிப்பது காற்றின் சூடு அல்ல, தோலுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள நீராவி அழுத்த வேறுபாடு. 35 பாகையில் நனைந்த தோலின் மேல் நீராவி அழுத்தம் 5.6 கிலோபஸ்கால். நிலாவெளிக் கரையோரம் போன்ற இடத்தில் காற்று 30 பாகையாகவும் சார் ஈரப்பதன் 80 சதவீதமாகவும் இருக்கும் ஒரு காலை வேளையை எடுத்துக்கொண்டால், காற்றின் நீராவி அழுத்தம் 3.4; வேறுபாடு 2.2. அதே நாள் பிற்பகலில் உள்நாட்டில் 35 பாகை, ஈரப்பதன் 50 சதவீதம் என்றால் காற்றின் அழுத்தம் 2.8; வேறுபாடும் 2.8. அதாவது, வெப்பமானி ஐந்து பாகை கூடக் காட்டும் இடத்தில் வியர்வை கால்வாசிக்கு மேல் அதிக வேகத்தில் உலர்கிறது. தென்மேற்கிலிருந்து இங்கே வீசும் கச்சான் காற்றின் இயல்பு இதுதான். தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் வெப்பத்தால் அது ஏறும்போது மெதுவாகவே குளிர்கிறது. ஈரம் இழந்தபின் கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 பாகை வீதம் சூடாகிறது. ஏறியபோது குளிர்ந்ததை விட இறங்கும்போது சூடானது அதிகம். ஆகவே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வந்து சேர்வது சுடும், காய்ந்த காற்று. நாவை வறட்டும் இந்தக் காற்றைத்தான் எல்லோரும் வெறுக்கிறார்கள். ஆனால் வியர்வையை மட்டும் வைத்துப் பார்த்தால், கடலோரத்தின் புழுக்கத்தை விடக் கச்சான் இரக்கமுள்ளது.

நீராவி அழுத்தத்தோடு சேர வேண்டிய இன்னொன்று காற்றோட்டம். கொடியில் போட்ட துணி காற்றில் எப்படி விரைவாக உலர்கிறதோ அப்படித்தான் தோலும். முழுதும் நனைந்த உடலிலிருந்து, மேலே சொன்ன கரையோரக் காலையில், காற்று அசையாத நிலையில் ஏறத்தாழ 350 வாற்றுதான் வெளியேற முடியும். மணிக்கு 18 கிலோமீற்றர் காற்று மேலே பட்டால் அந்த வரம்பு நாலு மடங்காகி 1,400 வாற்றைத் தொடும். உடுப்பு இதைக் குறைக்கும், ஆனாலும் விகிதம் பெரிதாக மாறாது. ஓடும் சைக்கிள் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நின்றால் காற்றும் நின்றுவிடுகிறது. நகருக்குள் சந்திக்குச் சந்தி நிற்கும்போது வியர்வை குபீரென்று பெருகுவது இதனால்தான். கிராமத்து வீதியில் தொடர்ந்து ஓடும் ஒரு மணி நேரத்தை விட நகரத்துக்குள் நின்று நின்று போகும் அரை மணி நேரம் உடலை அதிகம் வாட்டும். இரவெல்லாம் வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும் சுவர்களும் தாரும் நகரத்தில் அதற்குத் துணை.

அப்படியானால் வேகமாக ஓடினால் இன்னும் குளிருமே என்று கேட்கலாம். குளிராது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான வலு மும்மடியாகவும் ஏறுகிறது. 18 கிலோமீற்றர் வேகத்தை 27 ஆக்கினால் உழைப்பும் உடல் வெப்பமும் 2.4 மடங்காகும்; குளிர்விக்கும் திறன் 1.3 மடங்குகூட ஆகாது. காற்று அடிக்கும் திசையும் எதிர்பாராத வேலை செய்கிறது. மணிக்கு 18 கிலோமீற்றர் கச்சான் முதுகுப் பக்கம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 90 வாற்று உழைப்பில் சைக்கிள் 28 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். ஆனால் உடலின் மேல் படும் காற்று 10 கிலோமீற்றர் மட்டுமே. அதே காற்று எதிரே அடித்தால் வேகம் 10 ஆகக் குறையும், உடலில் படும் காற்று 28 ஆகும். காற்றில்லாத நேரத்தோடு ஒப்பிட்டால், முதுகுக் காற்றில் குளிர்ச்சி மூன்றில் ஒரு பங்கு அளவு குறைகிறது, எதிர்காற்றில் அதே அளவு கூடுகிறது. எதிர்காற்று உடலுக்கு நல்லது என்று இதிலிருந்து உடனே முடிவுகட்டவும் முடியாது. 10 கிலோமீற்றர் வேகத்தில் கந்தளாய்க்கு நாலு மணி நேரம் ஆகும், அந்த நாலு மணியும் வெயிலுக்குள் போனால் பெற்ற குளிர்ச்சியெல்லாம் வீண்.

இனி வெயிலின் கணக்கு. திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்னும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மற்ற மாதங்களிலும் உச்சியை விட்டு வெகுதூரம் போவதில்லை. முகிலற்ற நண்பகலில், முன்னே சற்றுக் குனிந்து ஓட்டுபவரின் முதுகிலும் தோளிலும் தொடையிலும் நேரே விழும் வெயிலும், கொதிக்கும் தாரிலிருந்து கீழ்ப்பக்கமாக வரும் வெப்பக் கதிரும் சேர்ந்து உடலில் ஏற்றும் நிகரச் சுமை 100 முதல் 200 வாற்று வரை வரும். அவர் உழக்கி உண்டாக்கும் 350 வாற்றோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் போகிறவர் ஒரு பெடலும் கூடுதலாக மிதிக்காமலே மூன்றில் ஒரு பங்கோ பாதியோ அதிகப்படியான வெப்பத்தைச் சுமக்கிறார். நிழலுக்குள் நுழைந்த அந்தக் கணமே அது இறங்கிவிடுகிறது. ரயர், கியர், சட்டகம் என்று எதை மாற்றினாலும் இவ்வளவு பெரிய இலாபம் ஒரே நொடியில் கிடைக்காது.

வெப்பம் கூடும் நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்கு மாகாணம் உட்பட்ட பகுதிகளுக்கு வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுக்கிறது. அது பயனுள்ள எச்சரிக்கைதான். ஆனால் அந்தச் சுட்டெண் நிழலில், மென்காற்றில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்துக் கணிக்கப்படுவது. வெயிலின் கதிர் அதில் சேராது. 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாமில் வெப்பத்தால் வீரர்கள் சுருண்டு விழுந்ததை ஆராய்ந்தபோது வேறோர் அளவீடு பிறந்தது. திறந்த வெளியில் வைத்த ஈரக்குமிழ் வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலை உறிஞ்சும் கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானிக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம் என்று பங்கிட்டு அதைக் கணிக்கிறார்கள். நாம் தினமும் செய்தியில் கேட்கும் காற்று வெப்பநிலைக்கு அங்கே பத்தில் ஒரு பங்கே இடம். சைக்கிளில் போகிறவருக்கும் வயலில் நிற்பவருக்கும் பொருந்துவது இந்தக் கணக்குத்தான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கந்தளாய்ப் பயணத்தின் நேரம் தானாகவே ஒழுங்காகிறது. ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி உதித்து மாலை ஆறு மணியை ஒட்டி மறைகிறது. இரவில் குளிர்ந்த நிலத்தின் மேல் காற்று அடங்கிக் கிடக்கும்; வெயில் ஏறித் தரை சூடான பின்தான் மேலே ஓடும் பருவக் காற்று கீழிறங்கிக் கச்சான் வலுக்கும். ஆகவே கச்சானுக்கு எதிராகப் போக வேண்டிய தென்மேற்குத் திசைக்கு விடியற்காலையே உகந்தது. ஆறரை மணிக்கு நகரை விட்டால் ஒன்பது மணிக்குள் கந்தளாய்க் குளக்கட்டு. குளக்கோட்டன் பெயரோடு தமிழ் மரபும், அக்கபோதி மன்னன் பெயரோடு பௌத்த வரலாறும் சேர்த்துச் சொல்லும் அந்தக் குளத்தின் அருகே மரநிழலில் நடுப்பகலைக் கழித்து, மூன்றரை மணிக்குப் புறப்பட்டால் கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் நகரை அடையலாம். முதுகுக் காற்றால் குளிர்ச்சி குறைந்தாலும் சாய்ந்த வெயில் அதை ஈடுசெய்துவிடும். இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கந்தளாய்ப் பக்கம் யானைகள் வீதியைக் கடப்பதும் அந்தியிலும் வைகறையிலும்தான். வெப்பத்துக்குத் தப்பப் போய் யானையிடம் அகப்படுவதா? இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் இருள் பிரியுமுன் புறப்படுவதையும் இருட்டிய பின் ஓட்டுவதையும் நான் பரிந்துரைக்கவில்லை. நல்ல வெளிச்சமுள்ள காலை இரண்டரை மணி நேரமும் மாலை இரண்டரை மணி நேரமும் 80 கிலோமீற்றருக்குப் போதும். காற்று வீசாவிட்டாலும் அரை மணி மிச்சம் வரும்.

இந்த ஊர் மக்களுக்கு வெயில் பழகிப்போனது, இந்தக் கணக்கெல்லாம் வெளியூர் ஆட்களுக்கு என்றும் சொல்லப்படும். பழக்கம் என்பது உண்மை. தொடர்ந்து ஒன்று அல்லது இரண்டு வாரம் வெயிலில் உழைத்தால் வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அளவு கூடுகிறது, அதில் உப்புக் குறைகிறது, இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. ஆனால் பழகிய உடலுக்கு நீர் அதிகம் தேவை, குறைவாக அல்ல. பழக்கத்தால் தோலின் வியர்வை கூடலாம்; காற்றின் ஈரம் குறையாது. ஆவியாதலுக்கான வரம்பை வெளியூர்க்காரருக்கும் மூதூர் மீனவருக்கும் அந்த ஈரம் ஒரேமாதிரித்தான் போடுகிறது. வரண்ட வலயத்தில், பதவி சிறிபுர உட்பட, விவசாயிகளை வாட்டும் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோயில், மீண்டும் மீண்டும் உடல் வரட்சிக்கு உள்ளாவதும் ஒரு காரணியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். பழகிவிட்டது என்ற சொல்லை அவ்வளவு நிம்மதியாகச் சொல்லிவிட முடியாது.

தண்ணீர் குடித்தால் தீர்ந்துவிடாதா என்பதற்குப் பதில் சுருக்கமானது. வெயிலில் மணிக்கு முக்கால் லீற்றருக்கு மேல் வியர்வை போகும். முழுப் பயணத்துக்கு மூன்று நாலு லீற்றர். ஒவ்வொரு லீற்றரிலும் இரண்டு மூன்று கிராம் உப்பு. அவ்வளவையும் வெறும் தண்ணீரால் ஈடுசெய்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும். செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் மிகுந்திருப்பது பொட்டாசியம், சோடியம் மிகக் குறைவு. உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ, மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்புக் கரைசலோ அந்தக் குறையைத் தீர்க்கும். எவ்வளவு குடித்தாலும், ஆவியாக முடியாத வியர்வைக்குத் தண்ணீர் ஊற்றுவது குளிர்விக்காது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் இலங்கை முழுவதும் சைக்கிளுக்கு அலைந்தது. பெற்றோல் வந்ததும் பலர் அதை மறந்தார்கள். சோம்பல்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. நிழலற்ற வீதிகள் அவர்களைத் துரத்தின என்றே நினைக்கிறேன். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் படகுப் பாதையை ஓய்வுபெறச் செய்து மூதூர்ப் பக்கத்தை நகரோடு இணைத்தது. அது பெரும் பேறு. ஆனால் வீதி என்றால் அகலமும் பாலமும் தாரும் என்றே திட்டமிடுகிறோம். அகலிக்கும்போது முதலில் சாய்வது ஓரத்து மரம். மரம் புயலில் விழுந்து வீதியை மறிக்கும் என்ற மறுப்பு இங்கே வெறும் பேச்சு அல்ல. 1964 டிசம்பர்ப் புயலும் 2020இன் புரவிப் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. ஆனால் அது மரத்தின் இனத்தைத் தேர்வதற்கான காரணமே தவிர மரமே வேண்டாம் என்பதற்கானது அல்ல. பாலை, வீரை, வேம்பு, புளி, மருது போன்றவை இந்த வரண்ட மண்ணிலும் இந்தக் காற்றிலும் வளர்ந்து நிலைத்தவை. விரைவில் வளரும் மென்மரங்களுக்கு அந்த உறுதி இல்லை.

எங்கே நடுவது என்பதைச் சூரியனே சொல்லித்தரும். அனுராதபுர வீதி நகரிலிருந்து பெரும்பாலும் மேற்கே போகிறது. காலையிலும் மாலையிலும் மரத்தின் நிழல் வீதியின் நீளவாக்கிலேயே விழும், குறுக்கே விழாது. அங்கே வீதியின் மேல் கவியும் அகன்ற முடியுள்ள மரங்கள்தான் பயன்படும். நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் வீதி ஏறத்தாழ வடக்கே போகிறது. காலையில் கிழக்கோர மரமும் மாலையில் மேற்கோர மரமும் வீதி முழுவதையும் மூடும். கந்தளாய் வீதிக்கு இவற்றை விட நல்ல வாய்ப்பு. தென்மேற்கே போகும் அந்த வீதியில் காலையில் இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறவருக்குத் தென்கிழக்கோரத்து மரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பத்து மீற்றர் உயர மரம் ஒன்பது மணிக்கும் அவர் மேல் நிழல் விழுத்தும். மாலையில் திரும்பும்போது மறுபடியும் அவர் இடப்பக்கம், இப்போது வடமேற்கோரம்; சூரியனும் அந்தப் பக்கம். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் சூரியன் சற்று வடக்கே நகர்வதால் காலை நிழல் ஓரளவு ஒடுங்கும், மாலை நிழல் வீதியின் குறுக்கே நன்றாக விரியும். முதலில் ஓர் ஓரத்தில் மட்டும் நட வசதியிருந்தால், அந்த வடமேற்கோரத்திலிருந்து தொடங்கலாம்.